ராட்டினம் பிடித்த கை

என்னை நொண்டி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள். இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டை. நடந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாயும். ஆனால் "ஆத்தா தண்டிச்ச கால்" என்று எவராவது வாயைத் திறந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு நகர்வேன். கேட்டும் இருக்கிறேன். என் வாய்க்குப் பயந்தே தோட்டத்தில் பலபேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தப் பெயரை என்மேல் ஒட்டவிடாமல் உதறிப் போட்டதுதான் என் ஆயுளில் நான் செய்த பெரிய காரியம். பெருமையாகத்தான் சொல்கிறேன். பின்னே, அழுதுகொண்டா சொல்வார்கள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. எங்கள் ரப்பர் தோட்டம் ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் அரைநாள் தூரம். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். நான் பால்மரம் வெட்டினேன், மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. எனக்கு ஒதுக்கிய மர நிரையில் பட்டை காயப்படாமல் வெட்டுவேன் என்று கங்காணியே சொல்லியிருக்கிறார், பிறகு அவர் என்னை என்னென்னவோ சொன்னாலும். என் வீட்டுக்காரருக்குக் கான் வெட்டும் வேலை, தண்ணீர் வடிகிற வாய்க்கால். ஆறடி ஆள். ஒரு கையால் மண்கூடையைத் தூக்கி எறிவார். வாய் மட்டும் திறக்காது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூட எழுந்துபோய்த் தானே போட்டுக்கொண்டு வந்து உட்காரும் மனுஷன். சாமி என்றால் உருகிவிடுவார். எங்கள் ஆத்தா கோயில் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டால் பாயில்கூடப் படுக்கமாட்டார், வெறும் தரைதான்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு ராட்டினம் வந்தது. தைப்பிங் பக்கமிருந்து ஒருவர் இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு மரத்தொட்டில் கட்டிய பெரிய ராட்டினம். ஒரு தொட்டில் கீழே வந்தால் எதிர்த் தொட்டில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரைக்கும் மேலே போய் நிற்கும். இந்தக் காலத்து மாதிரி இயந்திரமெல்லாம் கிடையாது. பக்கத்துக்கு ஒரு ஆளாக நின்று கையால் தள்ள வேண்டும், நிறுத்த வேண்டுமானாலும் கையால் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். அதற்கென்று பழக்கிய ஆட்கள் இரண்டு பேரை ராட்டினக்காரர் கூடவே கூட்டிவந்திருந்தார்.

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் மேட்டு நிலத்தில், பெரட்டுக் களத்தில், ராட்டின மரத்தை நட்டு முடித்ததும் எங்கள் பெரிய கங்காணி வந்தார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சுற்றிவந்து பார்த்தார்.

"தள்ளுறது யாரு?" என்றார்.

ராட்டினக்காரர் தன் ஆட்களைக் காட்டினார்.

"அதெல்லாம் வேணாம். எங்க ஆத்தா திருவிழா. எங்க தோட்டத்து ஆளுங்க தள்ளுவாங்க. அவங்க ஒரு ஓரமா உக்காந்து காப்பி குடிக்கட்டும்."

எங்கள் தோட்டத்தில் அது வழக்கம். பந்தல் போடுவது, பானை தூக்குவது, தண்ணீர் ஊற்றுவது, எதுவானாலும் திருவிழா வேலை ஆத்தாவுக்குச் செய்கிற தொண்டு. வெளியாள் கை படக்கூடாது. யாருக்கு எந்த வேலை என்று கங்காணி சொல்வது ஒரு மரியாதை. ராட்டினம் தள்ளுகிற மரியாதையை ஒரு பக்கம் தன் தம்பிக்குக் கொடுத்தார், மறுபக்கம் என் வீட்டுக்காரருக்கு.

ராட்டினக்காரருக்கு அது பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கங்காணியிடம் எதிர்த்துப் பேசினால் ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டார். "தம்பிங்களா, ஒண்ணே ஒண்ணுதான். மேல ஆள் இருக்குறப்ப புடிச்ச கைய விட்றாதீங்க. கீழ்த் தொட்டில் காலியா இருந்தா மேல் கனம் பூராவும் உங்க கையிலதான். தலையே போனாலும் விட்றாதீங்க." நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதால் கேட்டது.

நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஏறினோம். அடி ஆத்தீ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! விடிந்தால் மரம், அடைந்தால் லயம் என்று கிடந்தவளுக்குத் தோட்டம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. மர உச்சிகள், ஆத்துப் பாலம், அதற்கப்பால் ஈயச் சுரங்கத்து வெள்ளை மண், தொலைவில் ஈப்போச் சுண்ணாம்பு மலைகள். துரை பங்களாவின் கூரை எங்களுக்குக் கீழே இருந்தது. அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போது பம்பைச் சத்தம் கேட்டது. ஆற்றிலிருந்து கரகம் வருகிறது. வெயில் சாயும் நேரம். வழக்கமாக அந்நேரத்துக்குக் கரகம் வராது, அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். கரகம் கோயிலுக்குப் போகும் வழி பெரட்டுக் களத்தை ஒட்டித்தான். முன்னால் வந்த கங்காணி அண்ணாந்து பார்த்தார். நாங்கள் உச்சியில் இருந்தோம். ஆத்தா கீழே வருகிறாள்.

எங்கள் வழக்கத்தில் ஆத்தா தெருவில் வரும்போது யாரும் அவளைவிட உயரத்தில் இருக்கக்கூடாது. மரத்தில் இருப்பவன் இறங்கிவிடுவான். குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிவிடுவார்கள். கங்காணி கத்தினார்: "ஆத்தா வாராடா! எறங்குங்கடா எல்லாரும்! எறங்கு!"

இரண்டு பேரும் ராட்டினத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். கீழ்த் தொட்டிலில் இருந்தவர்கள் பொத்துப்பொத்தென்று குதித்து ஓடிப்போய்க் கும்பிட்டார்கள். கீழே வெறும் தொட்டில். மேலே நாங்கள் இரண்டு பேர். கரகம் ராட்டினத்துக்கு நேராக வந்தது. பம்பை காதைக் கிழித்தது. நான் எட்டிக் கீழே பார்த்தேன். என் வீட்டுக்காரரின் உச்சந்தலை தெரிந்தது. அவர் இரண்டு கையும் ராட்டினத்திலிருந்து எழும்பி, தலைக்குமேல் குவிந்தது. மறுபக்கம் கங்காணி தம்பியும் அப்படியே.

கையை விட்டுவிட்டுச் சாமி கும்பிட்டார்கள்!

அடுத்த கணம் வானம் கவிழ்ந்தது. அக்கா கம்பியைக் கட்டிக்கொண்டதால் சிராய்ப்போடு தப்பித்தாள். நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், தூக்கி எறியப்பட்டேன். விழுந்த இடத்தில் ராட்டினத்துச் சட்டம் ஒன்று வந்து தொடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஈப்போ ஆஸ்பத்திரிக்கு என்னை வண்டியில் ஏற்றியபோது ராட்டினக்காரர் ஓடி வந்தார். அவருடைய வாய் கோணிக்கொண்டு போயிற்று. "தாயி, என் ஆளுங்கள ஒதுக்குனப்பவே நான் ராட்டினத்த நிறுத்தியிருக்கணும். வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு, மன்னிச்சிரு தாயி" என்றார். வலியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் அந்தச் சொல் காதில் ஏறியது. அது ஒரு மனுஷன் பேசுகிற பேச்சு. மற்றவர்களும் அப்படியே வந்து சொல்வார்கள் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்!

காலில் கனம் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்தே வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். "சாப்டியா புள்ள?" என்பார். "சாப்டேன்" என்பேன். அவ்வளவுதான். கையை விட்டதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

தோட்டத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் எனக்குச் சங்கதியே தெரிந்தது. அக்கா வந்து வாசலோடு நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஏங்க்கா, உள்ள வா."

"இல்லடி. கங்காணி சொல்லியிருக்காரு. நீ கோயில்ல வந்து விழுந்து கும்புட்டு, தேங்கா ஒடச்சு, 'தெரியாம ஒசரத்துல உக்காந்துட்டேன், மன்னிச்சிரு தாயே'ன்னு சொல்ற வரைக்கும் ஒன் வீட்டுல யாரும் கை நனைக்கக் கூடாதாம். நான் அன்னிக்கே சொல்லிட்டேன். நமக்கேன்டி பொல்லாப்பு? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாமே."

துரை தன் கணக்கெழுதும் கிராணியை விட்டு விசாரித்திருக்கிறார். துரைக்கு ஒரே கேள்விதான்: இவள் எப்போது வேலைக்கு வருவாள்? விபத்து எப்படி நடந்தது என்று கிராணி கேட்டதற்குக் கங்காணி, "சாமி வர்றப்ப மேல உக்காந்திருந்தா, சாமி தள்ளிவிட்டுருச்சு" என்று சொல்லி முடித்துவிட்டார். தம்பியின் பெயர் வெளியே வரக்கூடாது. இறங்கு இறங்கு என்று தான் கத்தியதும் வெளியே வரக்கூடாது. ஆத்தாதான் வாயில்லாதவள், அவள் தலையில் கட்டிவிட்டால் யார் மறுப்பார்கள்?

எனக்கு உச்சிமயிர் நட்டுக்கொண்டது. ஒரு தேங்காய் உடைப்பதற்கு என்ன வலி என்று கேட்பீர்கள். அது தேங்காயோடு போகிற விஷயமா? ஒருமுறை வாயால் ஒப்புக்கொண்டால் சாகிறவரை நான் ஆத்தா குத்தம் உள்ளவள். எனக்குப் பிள்ளை தங்காவிட்டால் அதுதான் காரணம். மழை பெய்து வேலை நின்றால் அதுதான் காரணம். பக்கத்து வீட்டுக் கோழி செத்தாலும் என் வீட்டுப் பக்கம்தான் பார்ப்பார்கள். நான் ஆத்தாவுக்கு என்ன கெடுதல் செய்தேன்? ஏற்றிவிட்டார்கள், ஏறினேன். பிடித்தவர்கள் விட்டார்கள், விழுந்தேன்.

"மாட்டேன்னு போய்ச் சொல்லு. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்குற வாய் எனக்கு இல்ல" என்றேன்.

தண்ணீர்க் குழாயில் நான் போனால் மற்றவர்கள் விலகினார்கள். கல்யாணச் சேதி எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிற்று. கட்டையை ஊன்றிக்கொண்டு நான் தலை நிமிர்ந்து நடந்தேன். வீட்டுக்குள் வந்தால் மட்டும் நெஞ்சு வெந்தது. ஏனென்றால் ஒரே ஒரு வார்த்தையில் நான் தப்பித்திருக்கலாம். "கைய விட்டது என் புருஷனும் ஒங்க தம்பியும்தான், நான் மேலேருந்து பாத்தேன்" என்று சொன்னால் தீர்ந்தது. சொல்லவில்லை. காட்டிக்கொடுத்து வாங்குகிற நியாயம் எனக்கு வேண்டாம். கையை விட்டது அவர். அதைச் சொல்ல வேண்டியதும் அவர். சாயங்காலம் காலுக்கு எண்ணெய் தடவிவிடுவார். குனிந்த தலை நிமிராது. கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்போது ஒரு பக்கம் பாவமாக இருக்கும். ஒரு பக்கம், பேசுய்யா, வாயைத் திறந்து பேசுய்யா என்று உலுக்க வேண்டும்போல் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். நடுவில் தட்டில் ஒரு தேங்காயும் சூடமும் தயாராக இருந்தன. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது தூக்கிவிட வேண்டும். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுக்க மனசில்லை.

"கடைசியா கேக்குறேன்" என்றார் கங்காணி. "ஒன்னோட ஏறுனவ சொல்லிட்டா. ஒனக்கு மட்டும் என்ன ராங்கி?"

"அவ பயந்துகிட்டுச் சொன்னா. எனக்குப் பயம் இல்லீங்க. ராட்டினம் தானா சுத்துச்சா? ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சிருந்தாங்கல்ல? எந்தக் கை விட்டுச்சோ அந்தக் கை மொதல்ல வந்து சொல்லட்டும். அப்புறம் என் தப்ப பாப்போம்."

கங்காணியின் தம்பி துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டான். ஆனால் கங்காணி லேசுப்பட்ட ஆளா? சிரித்தார்.

"விட்ட கை சாமிய கும்புட்ட கைதானே. ஆத்தா எதுக்க வர்றப்ப கும்புடாம இருக்க முடியுமா? கும்புட்டது குத்தம்னு சொல்றவ இந்தக் கோயில் வாசல்லயே நிக்கக் கூடாது. சொல்றியா நீ? கும்புட்டது குத்தமா?"

நல்ல கிடுக்கிப்பிடி. கும்பிட்டது குற்றம் என்று ஆத்தா வாசலில் நின்று எப்படிச் சொல்வேன்? எதிரே நூறு கண்கள். பூசாரி தட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"குத்தம்தான்."

ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து வந்தது குரல். அந்தக் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டுப் பழக்கமில்லாததால் எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். இடுப்பில் துண்டு கட்டவில்லை. கையும் கட்டவில்லை.

"நான்தான் கைய விட்டேன். எம் பொண்டாட்டி மேல இருந்தா. அவ உசுரு எங்கையில இருந்துச்சு. விட்றாதன்னு ராட்டினக்காரரு படிச்சுப்படிச்சு சொன்னாரு. பம்ப சத்தம் கேட்டதும் எனக்கு அவ மறந்துபோச்சு. கைய எடுத்துக் கும்புட்டுட்டேன்."

"அது பக்திடா!" என்றார் கங்காணி.

"பக்தி இல்லீங்க. பயம். கும்புடலைன்னா நாலு பேரு என்ன சொல்வாங்களோங்கிற பயம். ஆத்தா என்னைக் கும்புடுன்னு கேக்கல. புடிச்சிரு, விட்றாதன்னுதான் கேட்டிருப்பா. அவளும் பொம்பளதானே?"

சொல்லிவிட்டு நேராகப் பூசாரியிடம் வந்தார். தட்டிலிருந்த தேங்காயை எடுத்தார். படியில் ஓங்கி ஒரே அடி. "ஆத்தா, என் தப்பு" என்றார். பிறகு திரும்பி, அத்தனை பேர் முன்னால், என்னைப் பார்த்தார். "புள்ள, என் தப்பு."

அந்தக் காலத்தில் பொண்டாட்டியிடம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுகூட அப்படிச் சொல்லமாட்டார்கள். பொம்பிளைகள் பக்கம் யாரோ விசும்பினார்கள். பக்கத்து வீட்டு அக்கா என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, விடவில்லை. கட்டையை ஊன்றி நிமிர்ந்து நின்றேன். என் புருஷன் என்று அன்றைக்கு நினைத்த மாதிரி நான் கல்யாணத்தன்றுகூட நினைத்ததில்லை. முறிந்த காலில் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது.

கங்காணி தம்பி எழுந்து சொல்வான் என்று எல்லாரும் பார்த்தோம். அவன் எழுந்தான், ஆனால் வீட்டைப் பார்த்து நடந்தான். கங்காணியும் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பூசாரி அதிகம் யோசிக்கவில்லை. உடைந்த தேங்காய் மூடி ஒன்றையும் விபூதியையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலமே அக்கா வந்து என் வீட்டில் காப்பி குடித்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் நான் நானில்லை. அடுத்த ஆடிக்கு ராட்டினக்காரரைக் கூப்பிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வண்டிக்காரர்களிடம் சொல்லியனுப்பி வரவழைத்தேன். அவர் என்னைப் பார்த்ததும் கண் கலங்கினார். "வந்துட்டேன் தாயி, ஆனா இந்தத் தடவ என் ஆளுங்கதான் தள்ளுவாங்க. கங்காணி சொன்னாலும் சரி, ராஜா சொன்னாலும் சரி" என்றார். கங்காணி கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

என் வீட்டுக்காரர் ராட்டினக்காரரின் முன்னால் போய் நின்றார். "ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்" என்றார். ராட்டினக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தன் ஆள் ஒருவனை விலகச் சொன்னார்.

நான் ஏறினேன். கூட ஏற எவளுக்கும் தைரியம் இல்லை, அக்கா உள்பட. எனக்கு மட்டும் பயம் இல்லையா? கம்பியைப் பிடித்த கையில் வேர்வை வழுக்கியது. இருந்தாலும் இறங்கவில்லை.

கரகம் வந்தது. நான் உச்சியில் இருந்தேன். கீழ்த் தொட்டிலில் இருந்தவர்கள் எழப் போனார்கள். முன்னால் வந்த கங்காணி அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்தார்.

"உக்காருங்கடா! யாரும் எறங்காதீங்க! ராட்டினம் புடிச்சவன் கும்புட வேணாம், கைய விடாத!"

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆத்தா பூவும் வேப்பிலையுமாக எனக்குக் கீழே கடந்து போனாள். ராட்டினம் பிடித்த இரண்டு பேரைத் தவிர அத்தனை பேரும் கை குவித்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஆத்தாவைப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க ராட்டினத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பியிலிருந்து என் இரண்டு கைகளையும் எடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் கும்பிட்டேன்.